எடில்சா ஓட்டாத கார்கள்

காகிதத்தை நம்புவதாக இருந்தால், உபெராபா நகரத்திலேயே படுமோசமாகக் கார் ஓட்டுகிறவள் எடில்சா மொராய்ஸ்தான். பத்தொன்பது வருடங்களில் பதினேழு முறை வேக வரம்பைத் தாண்டியிருக்கிறாள். ஆறு முறை பெல்ட் போடாமல் பிடிபட்டிருக்கிறாள். ஒரு கார்னிவல் திங்கட்கிழமை, அவள் ஆயுளில் இரண்டே முறை பார்த்த அராஷா நெடுஞ்சாலையில் மணிக்கு நூற்று நாற்பதில் பறந்திருக்கிறாள். அதே திங்கட்கிழமை அதே நேரம் அவள் தன் அடுப்படியில் இருபத்திரண்டு பேருக்குப் பீன்ஸ் வேகவைத்துக்கொண்டிருந்தாள். அது காகிதத்துக்குத் தெரியாது.

நிஜ எடில்சாவுக்கு நாற்பத்தொன்பது வயது. குள்ளமான, உரத்த குரல் கொண்ட பெண். டோனா சொராய்டி என்ற அம்மாள் ஓட்டிய பள்ளி வேனில் பதினோரு வருடமாக உதவியாளர். பிள்ளைகளை ஏற்றுவது, பெல்ட் மாட்டுவது, வாந்தி எடுத்தால் துடைப்பது, வாசலில் பெரியவர் யாராவது நின்றால்தான் இறக்கிவிடுவது, இவ்வளவும் அவள் வேலை. மாட்டிய பெல்ட்டை எந்தப் பிள்ளையாவது கழற்றினால் வேனை ஓரம் கட்டச் சொல்லிவிடுவாள். அவளுக்குப் பயப்படாத பிள்ளை அந்த வழித்தடத்தில் இல்லை.

அப்படியானால் அந்தக் காகித எடில்சா எங்கிருந்து வந்தாள்? எங்கள் ஊரில் இது எப்படி நடக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். சின்னத் தப்புக்கு மூன்று புள்ளி, நடுத்தரத்துக்கு நான்கு, பெரிய தப்புக்கு ஐந்து, மிகப் பெரிய தப்புக்கு ஏழு. பன்னிரண்டு மாதம் ஆனால் ஒவ்வொன்றும் தானாக உதிர்ந்துவிடும். அதற்குள் அளவு மீறிச் சேர்ந்துவிட்டால் உரிமத்தை மாதக்கணக்கில் முடக்கிவிடுவார்கள். வண்டி ஓட்டிப் பிழைக்கிறவர்களுக்கு அந்த அளவு நாற்பது. கேமராவுக்கோ, தெரு முனையில் நின்று குறித்துக்கொள்ளும் காவலருக்கோ வண்டியின் எண்தான் தெரியும். அதனால் கடிதம் வண்டிக்குச் சொந்தக்காரர் பெயருக்கு வரும். ‘ஓட்டியது நான் இல்லை, இன்னார்’ என்று சொல்ல அவருக்கு முப்பது நாள் தவணை உண்டு.

அந்த முப்பது நாளில்தான் ஊரே தப்பித்துக்கொள்கிறது. படிவத்தில் இன்னாருடைய பெயர், அவர் கையெழுத்து, அவர் உரிமத்தின் நகல். புள்ளி இடம் மாறிவிடும். காரே ஓட்டாத சித்தி, கண் மங்கிய மாமனார், ஊரை விட்டுப் போன மச்சான், எல்லோர் உரிமமும் இதற்கு உதவும். ‘உங்க சித்தி லைசென்ஸ்ல இடம் இருக்கா?’ என்று சர்க்கரை கேட்பதுபோல் பக்கத்து வீட்டில் கேட்பார்கள். இது குற்றம் என்று படிவத்தின் கீழேயே பொடி எழுத்தில் அச்சடித்திருக்கும். அதை யார் படிக்கிறார்கள்?

எடில்சா வீட்டில் இடம் கேட்டு வருகிறவன் அவளுடைய அண்ணன் ஓஸ்னி. பண்ணை பண்ணையாகப் போய் மாட்டு மருந்து விற்கிறவன். சிரித்த முகம், வாய் ஜாலம், எப்போதும் அவசரம். அவளுடைய முப்பதாவது பிறந்தநாளுக்கு ஓட்டுநர் பள்ளிக் கட்டணத்தை அவன்தான் கட்டினான். அன்று அவள் அழுதுவிட்டாள். குடும்பத்தில் வண்டி ஓட்டக் கற்ற முதல் பெண் அவள். உரிமம் கைக்கு வந்த நாளில் கண்ணாடி முன் நின்று அதிலிருக்கும் தன் படத்தையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு கணவன் வால்டெமிரிடம் சாவியைக் கேட்டாள். அன்றைக்கு ரோடு ஈரம். அடுத்த வாரம் டயர் சரியில்லை. அதற்கடுத்த வாரம் பிரேக். இப்படியே பத்தொன்பது வருடம் அந்தக் காருக்கு ஏதாவது ஒரு நோவு இருந்துகொண்டே இருந்தது, வால்டெமிர் ஓட்டும்போது மட்டும் இல்லை.

முதல் படிவம் பதினோராவது வாரமே வந்துவிட்டது. கொய்யாப்பழக் கட்டி என்ற இனிப்பும் வெள்ளைச் சீஸுமாக ஓஸ்னி வந்தான். அண்ணனுக்கு ஒரு உதவி, போட்டுக்கொடுத்தாள். அதன் பிறகு கொய்யாப்பழக் கட்டியைப் பார்த்தாலே அவள் பேனாவைத் தேட ஆரம்பித்தாள்.

போன செப்டம்பரில் வந்த படிவத்தோடு ஒரு புகைப்படமும் இருந்தது. சிவப்பு விளக்கில் ஓஸ்னியின் வெள்ளைக் கார் பாய்கிறது. ஏழு புள்ளி. எடில்சாவுக்கு அந்த இடத்தைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்தது. தினமும் அவள் பிள்ளைகளைக் கைகோத்து வரிசையாகக் கடத்திவிடும் அதே சந்திப்பு. படத்தின் மூலையில் மணி பன்னிரண்டு பத்து என்று இருந்தது. பள்ளி விட்டு இருபது நிமிடம்கூட ஆகாத நேரம். ஆனாலும் கையெழுத்துப் போட்டாள். அண்ணன் மேல் வந்த கோபத்தைவிடத் தன் மேல் வந்த அருவருப்புதான் அதிகம். இதுதான் கடைசி என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டாள்.

அந்த மாதமே டோனா சொராய்டி வேனை நிறுத்திவிட்டு அவளிடம் பேசினார்.

“எடில்சா, டிசம்பரோட நான் போறேன். கோயானியால மகன் வீட்டுக்கு. இந்த லைன நீ எடுத்துக்கறியா?”

“நானா? எனக்கு ஓட்டத் தெரியாதே, டோனா சொராய்டி.”

“லைசென்ஸ் இருக்குன்னு சொன்ன?”

“லைசென்ஸ் இருக்கு. ஓட்டத்தான் தெரியாது.”

சொராய்டி அம்மாள் அவளை ஏற இறங்கப் பார்த்தார். “அப்ப கத்துக்கோ. பிள்ளைங்க உன் பேச்ச கேக்குதுங்க. வண்டி கேக்காமயா போகும்?”

சனிக்கிழமைகளில் சர்ச்சில் பாட்டுப் பயிற்சி என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போய், பேருந்து ஓட்டும் ‘டி’ வகுப்புக்குப் பயிற்சி எடுத்தாள். முதல் நாள் மூன்று கம்பங்களைச் சாய்த்தாள். நான்காவது வாரம் ஒன்றையும் சாய்க்கவில்லை. நவம்பர் இருபத்தொன்றாம் தேதி காலை தேர்வு. தேறிவிட்டாள். வீட்டில் யாரிடமும் மூச்சு விடவில்லை. ஜனவரியில் நகராட்சியின் வேன் அனுமதி ஆய்வு. அதற்கு ஒரு விதி உண்டு: பன்னிரண்டு மாதத்துக்குள் ஏழு புள்ளித் தப்பு ஒன்று இருக்கலாம், இரண்டு இருக்கக் கூடாது. செப்டம்பர்ச் சிவப்பு விளக்கு ஒன்று. அவ்வளவுதான், ஒன்றே ஒன்று. விரலால் தொட்டுத் தொட்டு நான்கு தடவை எண்ணிப் பார்த்தாள்.

டிசம்பர் இரண்டாவது ஞாயிறு, மதியச் சாப்பாடு முடிந்த நேரம், கொய்யாப்பழக் கட்டி வந்தது.

“காபி இருக்கா, தங்கச்சி?” என்று ஓஸ்னி உட்கார்ந்தான். ஒரு கோப்பை குடித்தபின் காகிதத்தை மேசையில் நகர்த்தினான். “இதுல ஒரு கையெழுத்து.”

“மாட்டேன்.”

ஓஸ்னி சிரித்தான். வால்டெமிரும் சேர்ந்து சிரித்தான்.

“ஏன், பேனாவுல மை இல்லயா?”

“மை இருக்கு. மனசு இல்ல. என்ன தப்பு இது?”

“ஒண்ணுமில்ல. செல்போன் கைல இருந்துச்சு, ஒரு தெருமுனைல ஒரு போலீஸ்காரன் நம்பர எழுதிக்கிட்டான். ஏழு பாயிண்ட்.”

“இன்னொரு ஏழு என் பேர்ல வந்தா எனக்கு வேன் அனுமதி கிடைக்காது.”

“எந்த வேன்?”

“டோனா சொராய்டியோட வேன். பிப்ரவரிலேருந்து நான் ஓட்டறேன்.”

“நீ?” ஓஸ்னி வால்டெமிரைப் பார்த்தான். “மாப்ள, உன் பொண்டாட்டி வேன் ஓட்டப் போறாளாம். நீ ஊரக் காலி பண்ணிரு.”

“பாஸ் பண்ணியாச்சு, அண்ணே. போன மாசம். பஸ் ஓட்டினேன். பஸ்!”

வால்டெமிரின் கையிலிருந்த சீஸ் துண்டு வாய்க்குப் போகாமல் பாதியில் நின்றது. “பாட்டு கிளாஸ்னு சொன்ன?” என்றான்.

“நான் பாடி நீ எப்பவாவது கேட்டிருக்கியா?”

ஓஸ்னியின் சிரிப்பு வற்றிவிட்டது. முழங்கைகளை மேசையில் ஊன்றிக் குரலைத் தாழ்த்தினான். “எடில்சா, எனக்கு முப்பத்தாறு பாயிண்ட் இருக்கு. இது சேந்தா நாப்பத்திமூணு. லைசென்ஸ் போயிடும். கம்பெனிக்காரன் மறுநாளே வீட்டுக்கு அனுப்பிருவான். மாட்டு மருந்த நடந்தே போய் விக்கட்டுமா?”

“ஓட்டறப்ப போன எடுத்தது யாரு?”

“பண்ணைக்காரர் கூப்பிட்டாரு. எடுக்காம இருக்க முடியுமா?”

“ஓரமா நிறுத்திட்டு எடுக்கலாம்ல?”

“இந்தா பாரு! வாழ்க்கைல ஒரு கார நகத்தாதவ எனக்கு ஓட்டச் சொல்லித் தர்றா!” அவன் மேசையைத் தட்டினான். “அலமாரில சும்மா கெடக்கற லைசென்ஸ்ல இடம் கேட்டா இவ்ளோ பிகுவா? அதுக்குத்தானே உனக்கு அத வாங்கிக் குடுத்தேன்?”

சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவனுக்கே உறைத்தது. வால்டெமிர் தலையைக் குனிந்துகொண்டான். அவனுக்கும் தெரியும், முதலிலிருந்தே தெரியும் என்பது அந்தக் குனிவிலேயே எடில்சாவுக்கு விளங்கிவிட்டது. கண்ணாடி முன் நின்ற அந்த முப்பது வயதுப் பெண்ணை நினைத்துக்கொண்டாள். பத்தொன்பது வருடம் பரிசு என்று பத்திரமாக வைத்திருந்தாளே!

“எழுந்திரு அண்ணே. காபி முடிஞ்சுது.”

“குடும்பம்னா ஒருத்தருக்கு ஒருத்தர் விட்டுக் குடுக்கணும், எடில்சா,” என்றான் வால்டெமிர்.

“சரி. இந்தத் தடவ நீங்க ரெண்டு பேரும் விட்டுக் குடுங்க.”

கொய்யாப்பழக் கட்டியையும் ஓஸ்னியின் கையிலேயே திருப்பிக் கொடுத்து அனுப்பினாள். கிறிஸ்துமஸ் விருந்துக்கு அவன் வரவில்லை. அண்ணி தொலைபேசியில் அழுதாள். ஒன்றுவிட்ட சகோதரிகள் வரிசையாகக் கூப்பிட்டு, கூடப்பிறந்தவனின் வயிற்றில் அடிக்கலாமா என்று கேட்டார்கள். எடில்சா எல்லோருக்கும் ஒரே பதிலைச் சொன்னாள்: “உன் லைசென்ஸ்ல இடம் இருக்கா? அப்ப நீயே போட்டுக் குடு.” அதற்குப் பிறகு யாரும் கூப்பிடவில்லை.

ஜனவரி எட்டாம் தேதி அவள் பெயருக்கு ஒரு கடிதம் வந்தது. இந்த மாதிரிக் கடிதங்களை வால்டெமிர்தான் வழக்கமாக வாங்கி இழுப்பறையில் போடுவான், அவள் பிரித்துப் பார்த்ததே இல்லை. இந்த முறை தபால்காரர் அவள் கையில் கொடுத்தார். ஓட்டுகையில் கைப்பேசியைக் கையில் பிடித்திருந்த குற்றத்துக்கு, வண்டிக்குச் சொந்தக்காரரின் அறிவிப்புப்படியும் அவளே கையெழுத்திட்டு ஒப்புக்கொண்டபடியும், ஏழு புள்ளி அவள் உரிமத்தில் ஏற்றப்படும். வண்டிக்காரர் திருத்தம் ஏதும் செய்வதானால் ஜனவரி எட்டு, அதாவது இன்று, மாலை நான்கு மணி வரை செய்யலாம்.

கடிதத்தோடு வந்த படிவ நகலில் அவள் கையெழுத்து இருந்தது. அவளுடையதைவிட அழகாக இருந்தது. ‘எ’வுக்கு அடியில் வால்டெமிர் மட்டுமே போடும் சுழி.

தான் வேலை பார்க்கும் மரச்சாமான் கடைக்குக் கிளம்ப அவன் சட்டை மாட்டிக்கொண்டிருந்தான். காகிதத்தை அவன் முகத்துக்கு நேரே பிடித்தாள்.

“எப்ப போட்ட?”

அவன் பொத்தானைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: “எப்படியும் நீ போட்டிருப்ப. ரெண்டு நாள் கோபம், அப்புறம் போட்டிருப்ப. அவன் வேலை போயிருந்தா நீதான் மொதல்ல அழுவ. வேன் அடுத்த வருஷம் ஓட்டிக்கலாம்.”

அவள் கத்தவில்லை. அதுதான் அவனைப் பயமுறுத்தியிருக்க வேண்டும், அன்று கடைக்குப் போகும் வழியெல்லாம் அவளுக்குப் போன் செய்துகொண்டே இருந்தான். அவள் எடுக்கவில்லை. பேருந்தில் ஏறிப் போக்குவரத்து அலுவலகத்துக்குப் போனாள்.

கவுண்டரில் ஜெனில்டா என்ற பெண். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக் கடிதத்தைப் படித்தாள். “ஓட்டினது நீங்க இல்லங்கறீங்க. எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்கம்மா. எங்க இருந்தீங்க அந்த நேரத்துல?”

எடில்சா அப்போதுதான் தேதியைப் பார்த்தாள். நவம்பர் இருபத்தொன்று, காலை பத்து நாற்பது. அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. ஜன்னல் பக்கம் கையை நீட்டினாள்.

“அதோ, உங்க மைதானத்துல. பஸ் ஓட்டிக்கிட்டு இருந்தேன். பக்கத்துல உங்க தேர்வாளர் உக்காந்து மார்க் போட்டாரு. வேணும்னா தேடிப் பாருங்க.”

ஜெனில்டா தேடினாள். தேர்வுத் தாள் இருந்தது: பத்து இருபதிலிருந்து பத்து ஐம்பத்தைந்து வரை. அவள் கண்ணாடி தானாகவே மூக்குக்கு இறங்கியது.

“நீங்க முறையா புகார் எழுதிக் குடுத்தா இது செல்லாது,” என்றாள் மெல்ல. “ஆனா முடிய நாலஞ்சு மாசம் ஆகும். உங்க வேன் ஆய்வு எப்ப?”

“வெள்ளிக்கிழமை.”

“அதுக்குள்ள வேணும்னா ஒரே வழி. வண்டிக்காரரே இன்னைக்கு நாலு மணிக்குள்ள வந்து, நான் தப்பா குடுத்துட்டேன், ஓட்டினது நான்தான்னு எழுதணும். அப்ப அஞ்சு நிமிஷ வேலை.” ஒரு படிவத்தை எடுத்து வைத்தாள். “வரலன்னா இத எழுதுங்க. கடைசிக் கட்டத்துல, பொய்க் கையெழுத்து போட்டது யாருன்னு தெரிஞ்சா பேர் எழுதணும். அது, வண்டிக்காரர் பேரோட சேந்து, போலீசுக்குப் போகும். நல்லா யோசிச்சுக்குங்க.”

மணி இரண்டே கால். எடில்சா பெஞ்சில் உட்கார்ந்து எல்லாக் கட்டத்தையும் நிரப்பினாள், கடைசியைத் தவிர. பிறகு வால்டெமிரைக் கூப்பிட்டாள்.

“எங்க இருக்க? எத்தன தடவ கூப்பிடறேன்!”

“போக்குவரத்து ஆபீஸ் கவுண்டர்ல. ஒரு காகிதம் எழுதறேன். எல்லாம் எழுதியாச்சு, ஒரு பேருதான் பாக்கி.”

அந்தப் பக்கம் ஒரு மரப்பலகை விழுந்த சத்தம்.

“எடில்சா, வீட்டுக்கு வா. வீட்ல பேசிக்கலாம்.”

“வீட்ல பத்தொன்பது வருஷம் நீங்க பேசினீங்க. நாலு மணிக்கு கவுண்டர மூடிருவாங்க. ஓஸ்னியக் கூட்டிக்கிட்டு வா. வரலன்னா இந்தப் பேர எழுதுவேன்.”

“உன் புருஷன் பேர எழுதுவியா?”

“என் பேர நீ எழுதல?”

அவள் துண்டித்தாள். பயமாகத்தான் இருந்தது. இருபத்தாறு வருடம் ஒரே கட்டிலில் படுத்த மனிதன். ஒரு தடவை அவளுக்கு டெங்கு வந்தபோது ஒன்பது நாள் கஞ்சி ஊட்டியவன். அவனைப் போலீஸ் கூப்பிடுவதை அவளால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. ஆனால் பேனாவை மட்டும் கீழே வைக்கவில்லை. மூன்று மணிக்கு ‘வா’ என்று முதல் எழுத்தை எழுதினாள். மூன்றே காலுக்கு அடுத்த எழுத்து. மூன்று முப்பத்தைந்துக்கு அந்தப் பெயர் முடிய ஒரே ஓர் எழுத்துதான் பாக்கி இருந்தது.

மூன்று நாற்பதுக்கு இருவரும் வந்தார்கள். ஓஸ்னி பண்ணையிலிருந்து நேரே வந்திருந்தான், பூட்ஸ் நிறையச் சாணி. எடில்சாவின் மடியிலிருந்த காகிதத்தை எட்டிப் பார்த்துவிட்டு நேரே கவுண்டருக்குப் போனான். வால்டெமிரும் பார்த்தான். அவன் முகம் வெளுத்தது.

“உங்க பேர்ல நாப்பத்திமூணு ஆகும், தெரியுமில்ல?” என்றாள் ஜெனில்டா.

“தெரியும்,” என்றான் ஓஸ்னி. பேனாவை வாங்கியவன் தங்கையைத் திரும்பிப் பார்த்தான். “என் பிள்ளைங்க சாப்பாட்டுல கை வைக்கற, எடில்சா.”

“செப்டம்பர்ல நீ சிவப்புல பாஞ்ச இடத்துல என் பிள்ளைங்க பதினாலு பேரு ரோட்டக் கடக்கறாங்க,” என்றாள் அவள். “கையெழுத்து போடு.”

போட்டான். அவள் தன் படிவத்தை நாலாகக் கிழித்துக் குப்பைக் கூடையில் போட்டாள். ஜெனில்டா புதுச் சான்றிதழை அச்செடுத்து நீட்டினாள். ஏழு புள்ளித் தப்பு: ஒன்று.

“இந்த ஒண்ணு?” என்று ஜெனில்டா புருவத்தை உயர்த்தினாள்.

“அது நானே போட்ட கையெழுத்து. செப்டம்பர் வரைக்கும் என்கிட்டயே இருக்கட்டும். எனக்கு அது உறுத்தணும்.”

வெளியே ஓஸ்னி யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் தன் வெள்ளைக் காருக்கு நடந்தான். வால்டெமிர் பழக்கதோஷத்தில் தங்கள் காரின் ஓட்டுநர் கதவைத் திறந்தான். எடில்சா அவனுக்கும் கதவுக்கும் நடுவில் போய் நின்றாள்.

“அந்தப் பக்கம் உக்காரு.”

“ரோடு முழுக்க இப்ப ஒரே கூட்டம்...”

“வால்டெமிர்.”

அவன் சுற்றிப் போய் உட்கார்ந்தான். அவள் இருக்கையை முன்னே இழுத்தாள், கண்ணாடிகளைத் தன் உயரத்துக்குத் திருப்பினாள். “பெல்ட்,” என்றாள். அவன் மாட்டிக்கொள்ளும்வரை சாவியைத் திருப்பவில்லை.

இரண்டாவது சந்திப்பில் விளக்கு மஞ்சளுக்கு மாறியது. அழுத்தினால் தாண்டியிருக்கலாம். அவள் நிறுத்தினாள். பின்னால் நெருங்கி வந்த வெள்ளைக் கார் கிரீச்சென்று நின்று, ஹாரனை விடாமல் அடித்தது. கண்ணாடியில் ஓஸ்னியின் முகம் சிவந்திருந்தது.

“போயிருக்கலாம்ல,” என்றான் வால்டெமிர். “அண்ணன் அவசரத்துல இருக்கான்.”

“அவன் அவசரம் அவனோட.”

விளக்கு சிவப்பானது. ஹாரன் ஓயவில்லை. எடில்சா கைப்பிரேக்கைப் போட்டுவிட்டு, பச்சை வரும்வரை நேரே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.